இழை: ‘பௌண்டி லேண்ட் வாரண்ட்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

அமெரிக்க விடுதலைப் போரில் பணிபுரிந்த படைவீரர்களுக்கும் அவர்தம் வாரிசுகளுக்கும் நிலத்துக்காகக் கொடுத்த ஆவணம் இது. ‘நில வாரண்ட்’ என்று எழுதினால் படிப்பவருக்குப் போலீஸ்காரர்தான் நினைவுக்கு வருவார். ‘மானிய நில ஆணை’ எப்படி?

- - -

> மானிய நில ஆணை

மானியம் என்றால் இன்று கேஸ் சிலிண்டர்தான். ‘ஆணை’யும் இடிக்கிறது. 1776 செப்டம்பர் 16 அன்று கான்டினென்டல் காங்கிரஸ் (விடுதலைக்குப் போரிட்ட அமெரிக்கக் குடியேற்றங்களின் பேரவை) தந்தது வாக்குறுதி: போர் முடியும்வரை பணிபுரிவோருக்கும், களத்தில் மாண்டவரின் சட்டப் பிரதிநிதிகளுக்கும் நிலம். சிப்பாய்க்கு 100 ஏக்கர், கேப்டனுக்கு 300, கர்னலுக்கு 500. எந்த நிலம் என்று அப்போது யாருக்கும் தெரியாது. கொடுக்க காங்கிரசிடம் நிலமே இல்லை. பின்னால் வந்த வாரண்டும் ‘இத்தனை ஏக்கர் பெற இவருக்கு உரிமை உண்டு’ என்று மட்டுமே சொல்லும். அது ஒரு சீட்டு.

- - -

நம் கல்வெட்டிலேயே சொல் இருக்கிறதே! போரில் மாண்ட வீரனின் குடும்பத்துக்கு விட்ட நிலம் உதிரப்பட்டி. நடுகற்களில் நெய்த்தோர்பட்டி என்றும் வரும். ‘உதிரப்பட்டிச் சீட்டு’ என்றால் அழகாக இல்லையா?

- - -

> உதிரப்பட்டிச் சீட்டு

அழகுதான் ஐயா, ஆனால் பொருந்தாது. சீட்டு வாங்கியவர்களில் பெரும்பாலோர் உயிரோடு வீடு திரும்பியவர்கள். படையில் சேர ஆள் இழுக்கவும், சேர்ந்தவர் ஓடிவிடாமல் இருக்கவும் காட்டிய ஆசை இது. உதிரம் சிந்தியதற்கு ஈடு என்ற பொருள் ஒரு பகுதிக்குத்தான் ஒட்டும்.

பட்டி என்பது நிலம், இது காகிதம். இந்த வேறுபாடு தெரியாமல்தான் குடும்ப வரலாறு தேடும் பலர் தவறு செய்கிறார்கள். தாத்தாவின் பெயரில் வாரண்ட் கிடைத்ததும் ஒஹாயோவில் அவருக்கு நிலம் இருந்தது என்று எழுதிவிடுகிறார்கள். 1796 சட்டப்படி ஒஹாயோ படைநில மாவட்டத்தில் (இந்தச் சீட்டுகளுக்கென ஒதுக்கிய நிலப்பகுதி) ஒரே துண்டாக 4,000 ஏக்கர் எடுக்க வேண்டும். அதாவது 40 சிப்பாய்களின் சீட்டுகளைச் சேர்த்தால்தான் ஒரு துண்டு. 100 ஏக்கர் மனைகள் 1800-இல்தான் வந்தன. அதற்குள் பலர் தரகரிடம் விற்றுவிட்டார்கள். எனவே சீட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள்: கைமாற்று ஒப்பம் அங்கே இருந்தால் வாரிசுக்கு மிச்சம் ஒன்றுமில்லை.

என் பரிந்துரை: படைப்பணி நிலச்சீட்டு.

- - -

‘படைப்பணி நிலச்சீட்டு’ எனக்குச் சம்மதம். கூடவே வரும் சொற்களையும் இப்போதே முடித்துவிடுவோம்.

வர்ஜீனியா தன் வீரர்களுக்குத் தனியாகக் கொடுத்தது. அங்கே வரிசை: சீட்டு, நிலம் குறித்தல், அளவை, கடைசியாக நிலத்தின் உரிமையைத் தரும் ‘பேட்டன்ட்’. இதைக் ‘காப்புரிமை’ என்று யாரோ மொழிபெயர்த்திருப்பதைப் பார்த்தேன். கண்டுபிடிப்புக்கும் இதற்கும் என்ன உறவு? ‘பட்டா’ என்றாலோ நம்மூர் வருவாய்த்துறை நுழைந்துவிடும். ‘நிலப்பட்டயம்’ போதும்.

‘ஸ்கிரிப்’ வேறு. 1830 சட்டம் பயன்படாத சீட்டுகளை வாங்கிக்கொண்டு, ஏக்கருக்கு 1.25 டாலர் கணக்கில் ஒஹாயோ, இந்தியானா, இல்லினாய் நிலங்களுக்கு விலையாகச் செலுத்தத்தக்க தாளைத் தந்தது. இதற்கு ‘மாற்றுத்தாள்’.

- - -

> வாரிசுகளுக்கும்

எல்லா இடத்திலும் ஒரே ‘வாரிசு’ போடாதீர்கள். 1776 வாக்குறுதியின்படி வந்த சீட்டைச் சட்டவழி வாரிசுகள் கேட்க முடிந்தது, பேரப்பிள்ளைகூட. தாங்கள்தாம் மிஞ்சிய வாரிசுகள் என்று கவுண்டி நீதிமன்றச் சான்று இணைப்பார்கள். 1855 மார்ச் 3 சட்டம் 14 நாள் பணிக்கே 160 ஏக்கர் கொடுத்தது, ஆனால் வீரர் இல்லையென்றால் விதவைக்கும், அந்தத் தேதியில் 21 வயது நிறையாத பிள்ளைக்கும் மட்டும். 1783-இல் முடிந்த போருக்கு அப்படிப் பிள்ளை எங்கே இருப்பார்? நடைமுறையில் விதவைதான். முந்தையதற்குச் ‘சட்டவழி வாரிசு’, பிந்தையதற்கு ‘உரித்துடைய குடும்பத்தார்’ என்று பிரிக்கலாம்.

ஆவணக் காப்பகத்தில் உள்ள வீரரின் கோப்பு உறையைப் படிக்கவும் இது உதவும். சீட்டு எண்ணுக்குப் பின் ‘160-55’ என்றிருந்தால் 160 ஏக்கர், 1855 சட்டம். ‘100’ என்று மட்டும் இருந்தால் பழைய வாக்குறுதி. அதில் உள்ளே தாள் குறைவாக இருந்தால் திகைக்க வேண்டாம், 1800 நவம்பர் 8 அன்று போர்த்துறை அலுவலகம் தீப்பிடித்தபோது விண்ணப்பங்கள் எரிந்துபோயின.

- - -

‘உரித்துடைய குடும்பத்தார்’ நீளம். ‘தகுதிக் குடும்பத்தார்’?

- - -

> தகுதிக் குடும்பத்தார்

அது ரேஷன் கார்டு மாதிரி இருக்கிறது அம்மா. பேசாமல் ‘விதவை, இளவர்’ என்றே எழுதிவிடலாம். சட்டம் சொன்னது அவ்வளவுதான்.

- - -

சரி, அப்படியே. படைப்பணி நிலச்சீட்டு, நிலப்பட்டயம், மாற்றுத்தாள் மூன்றையும் பட்டியலில் ஏற்றுகிறேன். உதிரப்பட்டியை அடிக்குறிப்பில் மட்டும் வைக்கிறேன்.