பூமியோட உள்சூடு 30,000 டெராவாட்னு வருது, எங்க தப்பு? (அவசரம்)

எரிமலைக்குஞ்சு: நாளைக்குக் காலையில செமினார். யுரேனியம், தோரியம், பொட்டாசியம் மூணோட கதிரியக்கச் சூட்டையும் எக்செல்ல கூட்டினேன். 20 டெராவாட் (ஒரு டெராவாட்னா லட்சம் கோடி வாட்) பக்கம் வரணும், 30,000 வருது. ஃபார்முலா சரிதான், ரெண்டு தடவை பாத்துட்டேன். யாராவது சொல்லுங்களேன்.

மண்வெட்டி: என்ன ஃபார்முலா, என்ன மதிப்பு? ஷீட்டைக் காட்டாம சரிதான்னா எப்படிங்க?

கருங்கல்: இரும்புக் கருவையும் சேர்த்திருப்பீங்க. இந்த மூணும் பெரும்பாலும் பாறையோட ஒட்டிக்கிட்டு மேல தங்கிடும். மேன்டிலும் (கருவுக்கும் மேலோட்டுக்கும் நடுவுல இருக்கற பாறை அடுக்கு) மேலோடும் மட்டும் போடுங்க, 4 × 10²⁴ கிலோ.

மண்வெட்டி: முழு பூமியே 6 × 10²⁴ தானே கருங்கல்? அதுல ஒன்றரை மடங்குதான் ஏறும். இவருக்கு ஏறியிருக்கறது ஆயிரத்து ஐந்நூறு மடங்கு.

தாத்தாபாறை: இந்தக் காலத்துப் பிள்ளைங்க விடையைப் பார்த்துத் திடுக்கிடறதே இல்ல. 30,000-ஐப் பூமியோட பரப்பால வகுத்துப் பாரு தம்பி. பத்தடிக்குப் பத்தடி அறைத் தரையில அரைக் கிலோவாட் ஹீட்டர் எரியணும். நிஜத்துல ஒரு வாட்கூட வராது. பூமி ஆற எவ்வளவு காலம் ஆகும்னு வச்சு அதோட வயசைக் கணக்குப் போட்ட விஞ்ஞானி கெல்வின் கதையாவது படி. கதிரியக்கம் தெரியாமத்தான் அவர் பூமிக்கு வயசைக் குறைச்சுச் சொன்னார்.

நெல்லைவாசி: அய்யா, அது பாதிக் கதை. கெல்வின்கிட்ட உதவியாளரா இருந்த ஜான் பெர்ரி 1895-லயே சொல்லிட்டார்: உள்ள இருக்கறது புரண்டு சூட்டை மேல கொண்டுவந்தா வயசு பல மடங்கு நீளும்னு. கதிரியக்கமே 1896-லதான் தெரியவந்துச்சு.

தாத்தாபாறை: அது வெறும் யூகம்.

நெல்லைவாசி: கெல்வின் கணக்குல கதிரியக்கத்தை மட்டும் சேர்த்துப் பாருங்க, விடை பெருசா நகராது. பாறை புரளாம சூடு மட்டும் நகர்ற வெறும் கடத்தல்னா 10 கோடி வருஷத்துல மேல் நூறு கிலோமீட்டர்தான் ஆறும். அதுக்குக் கீழ இருக்கற சூடு அப்படியே உக்காந்திருக்கும்.

கருங்கல்: கேள்வி கேட்டவர் எங்கப்பா?

எரிமலைக்குஞ்சு: சாரி, சாப்பிடப் போயிட்டேன். நிறை 4 × 10²⁴ தான் போட்டிருக்கேன். யுரேனியம் 20 பிபிபி (நூறு கோடியில 20 பங்கு), கிலோவுக்கு 9.8 × 10⁻⁵ வாட். தோரியம் 80 பிபிபி, 2.6 × 10⁻⁵. பொட்டாசியம் 260 பிபிஎம் (பத்து லட்சத்துல 260 பங்கு), 2.9 × 10⁻⁵.

மண்வெட்டி: பொட்டாசியத்துல மாட்டிக்கிட்டீங்க. அந்த 2.9 × 10⁻⁵ கதிரியக்கம் உள்ள பொட்டாசியம்-40க்கு மட்டும். மொத்தப் பொட்டாசியத்துல அது 0.0117 சதவீதம்தான், மீதி சும்மா கிடக்கற சரக்கு. அந்த வரியை 0.000117-ஆல பெருக்குங்க, மூன்றரை டெராவாட் வரும். மத்த ரெண்டும் தலைக்கு 8 பக்கம். 2011-ல ஜப்பானோட காம்லேண்ட் ஆய்வகம், இந்தக் கதிரியக்கத்துல வெளிவர்ற நியூட்ரினோங்கற நுண்துகளை எண்ணிச் சொன்னதும் இதே 20 பக்கம்தான். தரை வழியா வெளிய போறது மொத்தம் 47. மிச்சத்துல பெரும்பகுதி பூமி திரண்டப்ப உள்ள சிக்கின பழைய சூடு. செமினார்ல அதைக் கட்டாயம் கேப்பாங்க.

கருங்கல்: கருவுலயும் கொஞ்சம் பொட்டாசியம் இருக்கலாம்னு ஒரு வாதம் இருக்கு...

தாத்தாபாறை: அடிப்படை வேணும்னு நான் அப்பவே சொன்னேன்.

எரிமலைக்குஞ்சு: 19.7 வந்துருச்சு. நன்றி அண்ணா.

தாத்தாபாறை: நெல்லை, பெர்ரி விஷயத்துக்கு நாளைக்கு வர்றேன்.