பழைய ராமநாதபுரம் மாவட்ட ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் பத்தி தெரிஞ்சவுக இருக்கீகளா?

பள்ளத்தூர்_பையன்:
வீட்ட ஒழிக்கிறப்ப எங்க அப்பச்சி சர்டிபிகேட் ஒண்ணு கெடச்சுது. எழுபதுகள்ல, இராமநாதபுரம் மாவட்டப் பள்ளிகள் போட்டி, 400 மீட்டர்ல மூணாவது, நடந்த எடம் ராஜபாளையம். பள்ளத்தூர்ப் பையன் எதுக்கு அம்புட்டு தூரம் போயி ஓடணும்? அந்த மீட் எப்ப நின்னுச்சு?

டிரில்மாஸ்டர்_ரிட்டயர்டு:
தம்பி, அப்ப சிவகங்கை மாவட்டமும் இல்ல விருதுநகர் மாவட்டமும் இல்ல, 1910ல உண்டான ராமநாதபுரம் ஒண்ணுதான், ராமேஸ்வரத்துல இருந்து ராஜபாளையம் வரைக்கும், அதுக்கு கலெக்டர் ஆபீசே மதுரையில இருந்துச்சுன்னா பாத்துக்கங்க. ஜோனல்ல ஜெயிச்சவன் மாவட்டத்துக்குப் போவான், அது எங்க நடக்குதோ அங்க. 1985 மார்ச்ல மூணாப் பிரிச்சாக, நம்ம பக்கம் பசும்பொன் மாவட்டம் ஆச்சு, சிவகங்கைன்னு பேரு வந்தது 1997லதான். மீட்ட யாரும் நிறுத்தல, மாவட்டத்தோட சேந்து அதுவும் மூணாப் போச்சு. ஆனா அந்தக் காலத்துல மூணாவதுன்னா சும்மா இல்ல, இப்ப மூணு மாவட்டத்துப் பயலுகள ஒரே டிராக்ல விட்டா எப்படியோ அப்படி.

தேவகோட்டை_அக்கா:
ரொம்ப உருகாதீக சார். ராத்திரி தங்குற மீட்டுக்கு எங்க வீட்ல பொம்பளப்புள்ளைய அனுப்புவாகளா? பிரிச்சதுக்கு அப்பறம் சிவகங்கைக்கு காலைல போயி இருட்டுறதுக்குள்ள வந்துரலாம்னுதான் என்னையவே லாங் ஜம்ப்புக்கு விட்டாக.

டிரில்மாஸ்டர்_ரிட்டயர்டு:
அது நெசந்தான்மா, மறுக்கல. ஆனா சின்ன ஸ்கூலுகளுக்கு அடி விழுந்தது பிரிச்சதுல இல்ல, அதுக்கு முன்னாடியே 1978ல பிளஸ் டூ வந்தப்ப. அதுவரைக்கும் பதினொண்ணாவதோட எல்லா ஸ்கூலும் ஒரே மட்டம், அதுக்கு மேல பியூசிக்கு காலேஜ் போயிருவான். பிளஸ் டூ இருக்கிற ஸ்கூல்ல பெரிய பயலுக வந்துட்டானுக, சூப்பர் சீனியர் பாயிண்ட் பூராம் அங்க போயிருச்சு, பத்தாவதோட நிக்கிற கிராமத்து ஹைஸ்கூலு ஓவரால் சாம்பியன்ஷிப்ப எங்க புடிக்கிறது?

பள்ளத்தூர்_பையன்:
ஓ, இது யோசிக்கவே இல்ல சார். ரொம்ப நன்றி.

ராயவரத்தான்:
எங்க கூத்தக் கேளுங்கண்ணே. நாங்களும் செட்டிநாடுதான், ஆனா 1974 வரைக்கும் திருச்சி மாவட்டம், அப்பறம் புதுக்கோட்டை. துணி எடுக்க, சினிமா பாக்க எல்லாத்துக்கும் காரைக்குடி, ஆனா காரைக்குடி ஸ்கூலோட மாவட்ட மீட்ல மோதுனதே கெடையாது. திருவிழாவுக்கு ஊர்ல நடத்துற கபடி டோர்னமெண்ட்லதான் மூஞ்சியப் பாத்துக்குவோம், அங்க விழுற அடிக்கு பாயிண்ட் டேபிளும் கெடையாது, சர்டிபிகேட்டும் கெடையாது 😂