உதவி: கோட்டை வாசல் படம் கன்வஸில் மங்கலாக வந்துவிட்டது, மீனையும் காணவில்லை

உவர்மலையான்:
வணக்கம், அவசரம். அப்பா பிலிமில் எடுத்த திருகோணமலைக் கோட்டை வாசல் படத்தைக் கன்வஸில் பெரிதாக அச்சிட்டு வாங்கினேன். அம்மாவின் வீட்டு முன் விறாந்தையில் மாட்டவேண்டும். படம் மங்கல். மீன் இல்லை. சுவர்கள் மேலே உட்பக்கம் சாய்கின்றன. ஒரு மூலை தொய்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் என்ன செய்யலாம்?

பிலிம்பித்தன்:
எந்த மீன்? கன்வஸ் என்ன அளவு? ஸ்கான் எத்தனை பிக்சல்? நெகட்டிவ் கையில் இருக்கிறதா?

வாடைக்காற்று:
எல்லாவற்றுக்கும் காரணம் ஈரம்தான். நம் ஊரில் மாரிக்குக் கன்வஸ் துணி ஈரத்தை இழுத்துத் தளரும். சட்டத்தின் பின்மூலைகளில் ஆப்பு செருகும் பிளவு இருந்தால் மெல்லத் தட்டி இறுக்குங்கள். வெளிச்சுவரில் மட்டும் மாட்டாதீர்கள்.

பெருந்தட்டு:
தம்பி, இதைப் பலமுறை சொல்லிவிட்டேன். கட்டடம் எடுக்க 35 மில்லிமீட்டர் பிலிம் போதாது. முக்காலியில் பெரிய தட்டுக் கமெரா வைத்து, கமெராவை அண்ணாத்தாமல் லென்ஸை மட்டும் உயர்த்தினால் சுவர் நிமிர்ந்து நிற்கும். அடிப்படையைப் படித்துவிட்டு வாருங்கள்.

பிலிம்பித்தன்:
ஐயா, அவருடைய அப்பா எடுத்துவிட்ட படம். இனி எந்தக் கமெராவை மாற்றுவது?

உவர்மலையான்:
36க்கு 24 அங்குலம். கறுப்பு வெள்ளை. கடையில் தந்த ஸ்கான் 1800க்கு 1200. மீன் என்றால் வாசல் கல்லில் செதுக்கியுள்ள இரட்டை மீன், பாண்டியர் சின்னம்தான், படத்தின் வலது ஓரத்தில் இருந்தது.

பிலிம்பித்தன்:
இப்போது விளங்குகிறது. 1800ஐ 36ஆல் வகுத்தால் அங்குலத்துக்கு 50 பிக்சல். அந்த ஸ்கான் 6க்கு 4 அங்குலப் படத்துக்கானது. நெகட்டிவை 4000 டிபிஐயில் (அங்குலத்துக்கு 4000 புள்ளி) எடுத்தால் அகலம் ஏறக்குறைய 5600 பிக்சல் வரும், அங்குலத்துக்கு 155. கன்வஸ் இழைக்கு அது தாராளம். கறுப்பு வெள்ளைப் பிலிமில் உள்ள வெள்ளித்துகளையும் தூசியாக எண்ணிக்கொள்வதால் ஸ்கானரின் தானியங்கித் தூசிநீக்கி வேலை செய்யாது. அதை நிறுத்திவைத்து, நெகட்டிவைக் காற்றூதிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.
மீன் எங்கும் போகவில்லை. கன்வஸின் வலது பக்கவாட்டைப் பாருங்கள், சட்டத்தில் மடிந்திருக்கும்.

உவர்மலையான்:
ஆமாம், பக்கவாட்டில் இருக்கிறது!

கணனிக்கை:
சாய்வை மென்பொருளில் நிமிர்த்திவிடலாமே.

பிலிம்பித்தன்:
நிமிர்த்தினால் மேல் ஓரங்கள் வெட்டுப்படும். அப்பா அண்ணாந்து பார்த்த வாசல் அது, அப்படியே விடுவது நல்லது என்பது என் கருத்து.

கணனிக்கை:
ஒல்லாந்தர் கட்டிய வாசல் கோணலாக நின்றால் கட்டியவனுக்கே அவமதிப்பு.

வாடைக்காற்று:
ஒல்லாந்தருக்கு முன்னரே போர்த்துக்கேயர் 1622இல் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டு 1624இல் கட்டிய கோட்டை அது. ஒல்லாந்தர் பிடித்தது 1639இல்.

பெருந்தட்டு:
பிரெட்றிக் கோட்டை என்ற பெயர் ஆங்கிலேயர் 1803இல் வைத்தது. ஆனால் கேள்வி கன்வஸ் பற்றியது, வரலாற்றை வேறு இழையில் பேசுங்கள்.

வாடைக்காற்று:
வேறு இழை எதற்கு? அந்த மீனும் அருகிலுள்ள தமிழ் எழுத்தும் கோட்டையைவிடப் பழையவை. அதை மடித்து ஆணியடித்துவிட்டால் படத்தில் வெறும் சுவர்தான் மிஞ்சும். அச்சகத்தில் சொல்லுங்கள்: முகப்பில் முழுப் படமும் தெரியவேண்டும், மடிப்புக்குச் சுற்றிலும் இரண்டு அங்குலம் வெறும் கறுப்பாக விடவேண்டும்.

பிலிம்பித்தன்:
இதை நானும் வழிமொழிகிறேன். நெகட்டிவ் இருக்கிறதா என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

உவர்மலையான் (ஒன்பது நாட்களுக்குப் பின்):
நெகட்டிவ் அம்மாவின் தையல்பெட்டிக்குள் இருந்தது. வெள்ளிக்கிழமை தவறிவிட்டது. புதிய கன்வஸ் நேற்று வந்தது, 30க்கு 20. சாய்வை விட்டுவிட்டேன். இரண்டு மீனும் தெரிகின்றன. நன்றி அண்ணாமாரே.