வெடரில் பிடித்த கோஹோ: தண்ணீரில் விட்டதோடு கணக்கு முடிந்ததா?

தங்கூசி_ரவி:
போன கிழமை இங்கே ஒருவர் போட்ட படத்தைப் பற்றித்தான் இந்தத் திரி. பிரிட்டிஷ் கொலம்பியாவில், வெடர் ஆற்றங்கரைக் கல்லில் ஒரு கோஹோ சால்மன் கிடக்கிறது, பக்கத்தில் தூண்டில், ஓரத்தில் அவருடைய பூட்ஸ். "படம் எடுத்துவிட்டுத் தண்ணீரில் விட்டேன்" என்று கீழே எழுதியிருந்தார். நானும் விருப்புப் போட்டவன்தான். பிறகு பெரிதாக்கிப் பார்த்தால், வாலுக்கு முன்னால் முதுகில் இருக்கும் அந்தச் சின்னச் சதைச் செட்டை வெட்டப்படாமல் அப்படியே இருக்கிறது. குஞ்சுப் பொரிப்பகத்தில் வளர்த்து விட்ட கோஹோவுக்கு அதைச் சிறு வயதிலேயே வெட்டிவிடுவார்கள், அந்த அடையாளம் உள்ளதைத்தான் நாம் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். இது ஆற்றிலேயே பிறந்த மீன். வயிறு உப்பிய பெட்டை. உடம்பில் பாதி மணலும் காய்ந்த இலையுமாக ஒட்டியிருக்கிறது, அதாவது தோலைக் காக்கும் வழுவழுப்பெல்லாம் கல்லோடு போய்விட்டது. அதை விட்டது மீனைக் காப்பாற்றியதாகுமா, இல்லை சாவைக் கொஞ்சம் தள்ளிப் போட்டதா?

ஆளைக் குறிவைத்து எழுதவில்லை. பதினான்கு வருடம் தூண்டில் போட்டதில் முதல் ஐந்தாறு வருடம் நானும் இதையேதான் செய்தேன்.

சறேச்_சிவம்:
அந்தப் பூட்ஸ் என்னுடையது. நேரே பெயரைச் சொல்லியே எழுதியிருக்கலாம் ரவி அண்ணை. எதிர்முள் இல்லாத கொக்கி, உரிமம், அதோடு காசு கட்டி வாங்கும் சால்மன் முத்திரை எல்லாம் முறையாக வைத்திருக்கிறேன், மீன் நீந்திப் போனதைக் கண்ணால் பார்த்தேன். மீன் குறைவதற்கு நானா காரணம்? 2009இல் பிரேசர் ஆற்றுக்கு ஒரு கோடிக்கு மேல் சாக்கை சால்மன் வரும் என்று கணக்குப் போட்டார்கள், வந்தது 15 இலட்சம் அளவு. வராததையெல்லாம் நானா பிடித்தேன்? அதை விசாரித்த நீதிபதி கோஹன் ஆணையம் 2012இல் 75 பரிந்துரையோடு அறிக்கை கொடுத்தது, இன்னதுதான் காரணம் என்று ஒன்றைக் கைகாட்ட அவர்களாலேயே முடியவில்லை. கடல் சூடாகிறது, கடலில் வலைக்கூடு கட்டி சால்மன் வளர்க்கிறார்கள், 2019இல் பிக் பார் என்ற இடத்தில் மலை சரிந்து பிரேசரை மறித்தது தெரியவந்தது. இவ்வளவையும் விட்டுவிட்டு ஒரு படத்தைப் பிடித்துத் தொங்குகிறீர்கள்.

டின்சமன்:
டொராண்டோப் பக்கம் ஸ்கார்பரோவில் இருந்து ஒரு சந்தேகம். எங்கள் ஹைலண்ட் ஓடையில் புரட்டாசியில் சினூக் சால்மன் முட்டி மோதிக்கொண்டு வருகிறது, நீங்கள் அங்கே குறைகிறது என்கிறீர்களே? (ஊரில் 'சமன்' என்று டின்னில் தின்று வளர்ந்தது சால்மனே இல்லை, ஒரு வகைக் கானாங்கெளுத்தி என்று இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன், அந்தத் துக்கம் இன்னும் ஆறவில்லை.)

தங்கூசி_ரவி:
@டின்சமன் தம்பி, அங்கே ஓடுகிற சினூக் பசிபிக்கில் இருந்து கொண்டுவந்து 1960களின் கடைசியில் ஏரியில் விட்ட இனம். ஒன்ராறியோ ஏரியின் சொந்த மீனான அத்திலாந்திக் சால்மன் 1898க்குள்ளேயே அழிந்துவிட்டது. ஆலைகளுக்குக் கட்டிய அணைகள், காடழிப்பு, அளவில்லாத பிடிப்பு, எல்லாம் சேர்ந்துதான். அதைத் திரும்பக் கொண்டுவர 2006இல் இருந்து பாடுபடுவதில் தூண்டில்காரர் சங்கம் முன்னுக்கு நிற்கிறது. ஆகவே உங்கள் ஓடை நிறைந்திருக்கிறது என்பது எங்கள் ஆற்றுக்குச் சாட்சி ஆகாது.

@சிவம், நீந்திப் போனதைப் பார்த்தேன் என்கிறீர்கள். பத்து நிமிடம் பார்த்தீர்களா, பத்து நாள் பார்த்தீர்களா? ஆற்றுக்குள் ஏறிய சால்மன் சாப்பிடுவதில்லை, கடலில் சேர்த்த கொழுப்பை எரித்துக்கொண்டுதான் முட்டையிடும் இடம்வரை போகிறது. ஒவ்வொரு இழுபறியும் அந்தச் சேமிப்பில் இருந்துதான் கழிகிறது. தண்ணீர் 18 பாகை தாண்டிய நாளில் அதற்கு மூச்சே பெரும்பாடு. அன்றைக்கு நான் கோலை வெளியில் எடுப்பதில்லை. தண்ணீருக்குள் விட ஒரு சின்ன வெப்பமானி ஒரு கோப்பிக் காசுக்குக் கிடைக்கிறது.

குழம்புக்காரன்:
நான் சொன்னால் எல்லோருக்கும் கோபம் வரும். நான் விடுவதற்காக மீன் பிடிப்பதில்லை. செட்டை வெட்டிய கோஹோ ஒன்று கிடைத்தால் தலையில் ஒரு தட்டு, செவுளைக் கீறி இரத்தம் வடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, கோலைச் சுருட்டி வீட்டுக்கு. அன்றைக்கு ஆறு என்னிடம் இழந்தது ஒரு மீன். காலை ஆறு மணிக்கு வந்து மாலைவரை "பிடித்து விடுகிறேன், நான் இயற்கைக் காவலன்" என்று இருபது மீனோடு மல்லுக்கட்டுகிறவர் எத்தனையைக் கொன்றார்? பத்தில் ஒன்றுதான் சாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள், அப்படியும் என்னைவிட ஒன்று கூட. அதுவும் என்னுடையது பொரிப்பகத்து மீன், அவருடையதில் பாதி ஆற்றில் பிறந்ததாக இருக்கும். என் வீட்டிலாவது குழம்பு கொதித்தது.

பூங்குழலி_பர்னபி:
குழம்புக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் நான் இன்னும் ஒரு படி மேலே போகிறேன். ஆற்றில் பிறந்த மீன் இந்த நிலைமையில் இருக்கும்போது அதன் வாயில் பொழுதுபோக்குக்காக முள் குத்துவதே தேவையில்லை. விட்டாலும் சரி, விடாவிட்டாலும் சரி.

நான் தூண்டில் பிடித்ததில்லை. நான்கு இலையுதிர் காலமாக பர்னபியில் ஓர் ஓடையில் செத்த மீன் எண்ணுகிறேன். செத்துக் கிடக்கும் பெட்டைக் கோஹோவின் வயிற்றைக் கீறிப் பார்க்க வேண்டும், முட்டை போட்டபின் செத்ததா, போடுமுன் செத்ததா என்று எழுதிக்கொள்ள. முதல் தடவை கீறியபோது சினை கொத்தாக, ஒன்றுகூட உதிராமல், செவ்வாரஞ்சு நிறத்தில் அப்படியே இருந்தது. இரண்டாயிரம் மூவாயிரம் முட்டை இருந்திருக்கும். வெட்டுக்காயம் இல்லை, முள் பட்ட தழும்பு இல்லை. கார் டயரில் வெடிப்பு விழாமலிருக்கச் சேர்க்கும் ஒரு வேதிப்பொருள் காற்றில் மாறி மழையோடு ஓடைக்குள் வருகிறது, அது கோஹோவைச் சில மணி நேரத்தில் கொல்கிறது என்று 2020 டிசம்பரில் வாஷிங்டன் மாநில ஆய்வாளர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். அதற்கு முன்னால் எத்தனை வருடம் காரணம் தெரியாமலேயே எண்ணினார்களோ.

சறேச்_சிவம்:
பார்த்தீர்களா, அக்காவே சொல்கிறார். டயர்! என் தூண்டில் இல்லை. நன்றி.

பூங்குழலி_பர்னபி:
சிவம், அந்த டயரில்தானே சறேயில் இருந்து வெடருக்கு ஓட்டிக்கொண்டு போகிறீர்கள்?

வேறு காரணம் இருக்கிறது என்பதால் உங்கள் பங்கு இல்லாமல் போகாது. பத்துப் பேர் அடித்த ஆளைப் பதினோராவதாக அடித்தவன் "நான் ஒரு அடிதான் அடித்தேன்" என்று சொல்லக்கூடாது.

சறேச்_சிவம்:
சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். அப்போ பூர்வகுடிகள் பிரேசரில் வலை போடுகிறார்களே, எங்களுக்குத் தடை இருக்கும் நாட்களில்கூட? அதை ஏன் ஒருவரும் கேட்பதில்லை? தூண்டில்காரன்தான் எல்லோருக்கும் இளிச்சவாயன்.

தங்கூசி_ரவி:
சிவம், இந்தக் கதையை ஆற்றங்கரையில் நூறு தடவை கேட்டுவிட்டேன். 1984இல் மஸ்குவியம் பூர்வகுடி மக்களில் ஒருவரான ரொனால்ட் ஸ்பாரோவை, அனுமதித்த நீளத்தைவிடப் பெரிய வலை போட்டார் என்று பிடித்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய் 1990இல் தீர்ப்பு வந்தது. முதலில் மீனினத்தின் பாதுகாப்பு, அடுத்தது அவர்களுடைய உணவுக்கும் சடங்குக்குமான பிடிப்பு, மற்றவர்கள் எல்லாம் அதற்குப் பிறகு. மீன் குறைந்தால் வரிசையில் பின்னால் நிற்கும் நமக்குத்தான் முதலில் கதவு மூடும். பரம்பரை நிலம், பரம்பரை உரிமை என்று வாழ்நாள் முழுக்கக் கதைத்த நாங்களே இதை விளங்காத மாதிரி நடிப்பது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அப்புறம், "எங்களுக்குத் தடை" என்று அழுகிறோமே, அந்தத் தடையை வரவழைத்ததில் நமக்கும் பங்குண்டு. பிரேசர் மணல்திட்டில் ஈய உருண்டை கட்டி நீளநீளமாகத் தங்கூசி (தூண்டில் நரம்பு) விட்டு அடியோடு உருட்டுவார்களே, தெரியும்தானே? சாக்கை அதில் கடிப்பதே இல்லை. மூச்சுக்காக வாயைத் திறந்து மூடும்போது தங்கூசி வாய்க்குள் ஓடி, முள் வெளியில் இருந்து கன்னத்தில் குத்துகிறது. அதற்கு 'மீன் கடித்தது' என்று பெயர். அதே தங்கூசியில் சாக்கையோடு சேர்ந்து தொடக்கூடாத சினூக்கும் மாட்டும். சாக்கை திறந்திருக்கும் நாளில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு முந்நூறு பேர் இதைச் செய்வதைப் பார்த்த அதிகாரி வேறு என்ன செய்வார்?

குழம்புக்காரன்:
அந்த வரிசையில் நானும் நின்றிருக்கிறேன். ஒத்துக்கொள்கிறேன். இப்போது போவதில்லை, பெருமைக்குச் சொல்லவில்லை, முழங்கால் வலி.

ஆனால் பூங்குழலி அக்காவிடம் ஒரு கேள்வி. எல்லோரும் தூண்டிலை வைத்துவிட்டால் அந்த ஆற்றை யார் பார்ப்பார்கள்? பெட்டைச் சினூக் கல்லைத் தோண்டுவதைப் பார்த்திராத ஒருவன் அதற்காகச் சண்டைக்கு வருவானா? முத்திரைக் காசில் இருந்துதான் ஓடைத் திருத்த வேலைக்குப் பணம் போகிறது. செட்டை வெட்டிய சினூக், கோஹோ தலையை நாம் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் அதன் மூக்குக்குள் இருக்கும் ஒரு மில்லிமீட்டர் கம்பியைப் படித்து எந்தப் பொரிப்பகம், எந்த வருடம் என்று கண்டுபிடிக்கிறார்கள். என் குளிர்பெட்டியில் இந்த நேரம் மூன்று தலை இருக்கிறது. மனைவி இடியாப்பம் எடுக்கத் திறந்து அலறினாள்.

பூங்குழலி_பர்னபி:
தலையைக் கொடுப்பது நல்லதுதான். ஆனால் பார்ப்பதற்குத் தூண்டில் எதற்கு? எனக்குக் கண் போதும். பறவை பார்க்கிறவர்கள் பறவையைச் சுட்டுவிட்டா பார்க்கிறார்கள்?

தங்கூசி_ரவி:
அக்கா, இதில் உங்களோடு முழுக்க உடன்பட மாட்டேன். 1998இல் கோஹோ மிக மோசமாக விழுந்தபோது அப்போதைய மத்திய மீன்வள அமைச்சர் டேவிட் ஆண்டர்சன் கடலிலும் ஆற்றிலும் கோஹோ பிடிப்பை இறுக்கி மூடினார். தூண்டில்காரர் திட்டினார்கள்தான், ஆனால் பெரும்பாலானோர் கேட்டு நடந்தார்கள். அந்த ஆட்களே அடுத்த வருடங்களில் ஓடையைத் திருத்தக் கல் தூக்கினார்கள். மீன் மேல் ஆசை இருந்ததால்தான் தூக்கினார்கள், அந்த ஆசை தூண்டிலில் இருந்து வந்தது. அது அழகான காரணம் இல்லை, ஆனால் வேலை நடந்தது.

நான் கேட்பது இவ்வளவுதான்: செட்டை வெட்டிய மீன் ஒன்று கிடைத்தால் குழம்புக்காரர் மாதிரி எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். வெட்டாதது மாட்டினால் அத்தாங்கு வலை வேண்டாம், கல் வேண்டாம், படம் வேண்டாம். முழங்கால் தண்ணீரில் நின்று, தங்கூசியைப் பிடித்து, குறட்டால் கொக்கியைத் திருப்பினால் எதிர்முள் இல்லாதது தானாகக் கழன்றுவிடும், மீனைத் தொடவே தேவையில்லை. இரண்டு மூன்று அப்படி மாட்டினால் இடத்தை மாற்றுங்கள், இல்லை அன்றைக்கு நிறுத்துங்கள். இந்தக் கடைசி விஷயம் எந்தச் சட்டத்திலும் இல்லை, அதனால்தான் ஒருவரும் செய்வதில்லை.

சறேச்_சிவம்:
படத்தைப் பெரிதாக்கி இப்போதுதான் பார்த்தேன். இலை ஒட்டியிருப்பது உண்மைதான். படத்தை எடுக்கப் போவதில்லை, கீழே இப்படிச் செய்யாதீர்கள் என்று ஒரு வரி சேர்க்கிறேன். அதற்காக நான் குற்றவாளி என்று ஒத்துக்கொண்டதாக நினைக்க வேண்டாம். மீன்பண்ணை விஷயத்தில் ஒருவரும் பதில் சொல்லவில்லை என்பதையும் பதிந்து வைக்கிறேன்.

தங்கூசி_ரவி:
பதில் இருக்கிறது. இந்தக் கரையோரத்தில் திறந்த வலைக்கூட்டுப் பண்ணைகள் 2029 ஜூன் 30க்குள் மூடப்பட வேண்டும் என்று 2024இல் மத்திய அரசு அறிவித்தது. பூர்வகுடித் தலைவர்கள், ஆய்வாளர்கள், தூண்டில்காரர்கள், சுற்றுச்சூழல் ஆட்கள் எல்லாம் வருடக்கணக்கில் கத்தியதால் வந்தது. சொன்னபடி மூடுவார்களா என்பது வேறு கதை. இன்னொன்று, வெடரில் நீங்கள் நிற்கும் அந்த நேர்க்கோட்டுக் கால்வாய் ஆறே இல்லை. சுமாஸ் ஏரியை 1924இல் வற்றவைத்து வயலாக்கியபோது ஆற்றைத் திருப்பி வெட்டியது. ஒரு முழு ஏரி, சால்மன் குஞ்சு வளர்ந்த ஏரி, அதை இறைத்துவிட்டோம். இன்றைக்கும் அங்கே பம்பு ஓடுகிறது. 2021 நவம்பர் வெள்ளத்தில் ஏரி தன் இடத்தைத் தேடித் திரும்பி வந்ததை எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம்.

டின்சமன்:
இங்கே இருந்து நான் என்ன செய்வது? ஓடைக்குப் பக்கத்தில்தான் வீடு.

பூங்குழலி_பர்னபி:
தெருவோர மழைநீர்ச் சாக்கடை வாயில் மஞ்சள் மீன் படம் வரைவது கனடா முழுக்க நடக்கிறது. இந்தத் தண்ணீர் நேரே ஓடைக்குப் போகிறது, எண்ணெயும் பெயின்ட்டும் ஊற்றாதே என்பதற்கு அடையாளம். உங்கள் நகரத்தில் கேட்டுப் பாருங்கள்.

நாங்கள் இந்தச் சனிக்கிழமை வரைகிறோம், காலை ஒன்பது மணி. சிவம், நீங்களும் வரலாம், அந்த பூட்ஸோடேயே.

சறேச்_சிவம்:
மழை என்று போட்டிருக்கிறதே அக்கா?

பூங்குழலி_பர்னபி:
மழை பெய்தால் பெயின்ட் ஒட்டாது, வரைவது ரத்து. ஆனால் முதல் பெருமழைக்குத்தான் கோஹோ ஓடைக்குள் ஏறும், டயர் நஞ்சும் அதே தண்ணீரில்தான் வரும். ஆகவே மழை பெய்தால் ஏழு மணிக்கே வாருங்கள், எண்ண ஆள் தேவை. கையுறை நான் தருகிறேன், கத்தியும் என்னிடம் இருக்கிறது.