வயல் விட்ட அப்பா, சீனி எல்லையிலை நிக்கிற அம்மா: தினசரி என்ன மாத்தலாம்?

வட்டக்கச்சி வரம்பு:

வணக்கம். அப்பாவுக்கு 66, அம்மாவுக்கு 61. வயலைக் குத்தகைக்குக் குடுத்தாச்சு. சந்திக்குப் போறதெண்டாலும் அப்பாவுக்கு மோட்டச்சைக்கிள்தான். பிறஷருக்குக் குளிசை எடுக்கிறார். அம்மாவின்ரை வெறுவயித்துச் சீனி 112. கிளினிக்கிலை "கவனமா இருங்கோ" எண்டு மட்டும் சொல்லி விட்டவை. அவ உடனே சோத்தை நிப்பாட்டிப்போட்டு மூண்டு நேரமும் குரக்கன் புட்டு எண்டு தொடங்கியிட்டா.

குடிக்கிறது குழாய்க்கிணத்துத் தண்ணி, கேத்தல் அடியிலை வெள்ளையாப் படியுது. நடக்க நல்ல பாதை இல்லை, இருட்டினால் யானைப் பயம். லேகியம், சத்துமா எண்டு ஆளுக்கொண்டு சொல்லினம். பெரிய செலவில்லாமல் வீட்டிலையே செய்யக்கூடியது என்ன, எவ்வளவு, எதிலை தொடங்கிறது?

பாலைமர நிழல்:

காலிலை தொடங்குங்கோ. லேகியக் காசுக்கு முட்டை வாங்கலாம்.

முப்பது வயசுக்குப் பிறகு ஒவ்வொரு பத்து வருசத்துக்கும் 3 தொடக்கம் 8 வீதம் தசை குறையும், 60 தாண்டினால் இன்னும் வேகம். "வயல் செய்த உடம்பு" எண்ட துணிவு எங்கடை ஆக்களிட்டை நிறைய. உழவு மிசின் உழுது, வெட்டுமிசின் அறுத்தால் கமக்காரனுக்கு மிஞ்சிறது 16 லீற்றர் மருந்துத் தாங்கியும் வரம்பிலை நிக்கிறதும்தான். இருபது வருசத்துக்கு முதல் மண்வெட்டி பிடிச்சதைத் தசை சேமிச்சு வைக்காது.

முதல் சோதிச்சுப் பாருங்கோ. கிட்டத்தட்ட 17 அங்குல உயரக் கதிரையைச் சுவரோடை முட்டக்கொடுத்து வையுங்கோ. கை ரெண்டும் நெஞ்சிலை குறுக்கா. 30 செக்கனுக்குள்ளை எத்தினை தரம் முழுசா எழும்பி இருக்கேலும் எண்டு எண்ணுங்கோ. 65–69 வயசு ஆம்பிளைக்கும் 60–64 வயசுப் பொம்பிளைக்கும் 12 இலும் குறைஞ்சால் விழுகிற ஆபத்துக் கூட. கையை ஊண்டாமல் எழும்பவே ஏலாட்டில் கணக்கு 0. அப்பிடியெண்டால் தலாணி வைச்சு இருக்கையை உயர்த்தித்தான் தொடங்க வேணும்.

பயிற்சியும் அதே கதிரையிலைதான். கிழமைக்கு மூண்டு நாள், 8–10 தரம், ரெண்டு நிமிசம் ஆறி இன்னொருக்கா 8–10. எழும்பிறதை விட இருக்கிறதிலைதான் ஆக்கள் பிழை விடுகினம். தொப்பெண்டு விழக்கூடாது, மூண்டு எண்ணி மெதுவா இறங்க வேணும். முழங்கால் ரெண்டும் உள்ளுக்குச் சாயவும் கூடாது. மூச்சை அடக்கினால் பிறஷர் ஏறும், எழும்பேக்கை மூச்சை விடச் சொல்லுங்கோ. சுகமா 12 வந்திட்டால் 2 லீற்றர் தண்ணிப் போத்திலை நெஞ்சோடை அணைச்சுக்கொண்டு செய்யலாம். அதுக்குப் பிறகு கதவு நிலையைப் பிடிச்சுக்கொண்டு குதிக்கால் உயர்த்திறது 10 தரம், ஒற்றைக்கால்லை நிக்கிறது 10 செக்கன். நெஞ்சு நோ, தலைச்சுத்து வந்தால் அதோடை நிப்பாட்டி டொக்டரிட்டைக் காட்டுங்கோ.

நடைக்கு றோட்டு வேண்டாம், முற்றம் காணும். சாப்பிட்ட கையோடை 10–15 நிமிசம், முக்கியமா ராச்சாப்பாட்டுக்குப் பிறகு. தசை சுருங்கேக்கை இன்சுலினை எதிர்பாராமலே இரத்தத்திலை இருக்கிற சீனியை உள்ளை இழுக்கும். அம்மாவுக்கு அது மருந்து மாதிரி. லைற்றைப் போட்டு, செருப்புப் போட்டு நடக்கச் சொல்லுங்கோ, பாம்பும் இருக்குத்தானே. வேகம்: கதைக்கலாம், பாட ஏலாது. கிழமைக்கு மொத்தம் 150 நிமிசம் வந்தால் நல்லது.

கனகராயன் கரை:

குரக்கன் விசயத்தை முதலில் திருத்துங்கள். நுணுக்கமாக அரைத்த குரக்கன் மாவும் சீனியை ஏற்றத்தான் செய்யும். தேங்காய்ப்பூவோடு மூன்று நேரமும் புட்டு என்றால் எடையும் ஏறும். சோறு எதிரி இல்லை, அளவுதான் பிரச்சினை. மண்வெட்டி பிடித்த காலத்துக் கோப்பை அப்படியே இருக்கிறது, வேலை மட்டும் போய்விட்டது.

கோப்பையில் பாதி மரக்கறியும் கீரையும், கால் பங்கு மீன் அல்லது முட்டை அல்லது பருப்பு, மிச்சக் கால் பங்குதான் சோறு. தவிடு தீட்டாத சிவப்பரிசி நல்லது. முருங்கையிலை வறையையும் மீனையும் முதலில் சாப்பிட்டுச் சோற்றைப் பிந்தித் தொட்டால், அதே சாப்பாட்டுக்கே சீனி ஏறுவது குறையும். உருளைக்கிழங்கையும் மரவள்ளியையும் மரக்கறிக் கணக்கில் சேர்க்காதீர்கள், அவை சோற்றுப் பக்கம்.

112 என்பது நீரிழிவு அல்ல, அதற்கு முந்தின படி. 126 இலிருந்துதான் நீரிழிவு. அமெரிக்காவில் நடந்து 2002 இல் வெளிவந்த நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், உடல் எடையில் 7 வீதம் குறைத்து கிழமைக்கு 150 நிமிடம் நடப்பது என்ற இலக்கோடு இருந்தவர்களில் நீரிழிவு வருவது 58 வீதம் குறைந்தது, 60 தாண்டியவர்களில் 71 வீதம். மெட்போமின் என்ற சீனிக் குளிசை எடுத்தவர்களில் 31 வீதம்தான். அம்மா இப்போது நிற்கும் இடத்தில்தான் இது நன்றாக வேலை செய்யும். மூன்று மாதம் கழித்து வெறுவயிற்றுச் சீனியோடு, கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையும் கேளுங்கள். எட்டு மணித்தியாலம் வெறும் தண்ணீர் மட்டும். விடிய ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய் இரத்தம் கொடுத்தால் அந்த இலக்கத்தை நம்ப முடியாது.

தேத்தண்ணியைச் சொன்னால் சண்டை வரும், ஆனாலும் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து கோப்பை, கோப்பைக்கு இரண்டு கரண்டி என்றால் ஏறத்தாழ 50 கிராம் சீனி. 25 இற்குள் நிற்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரேயடியாக நிறுத்தினால் நான்கு நாளில் பழையபடி வரும். கிழமைக்கு அரைக் கரண்டி குறையுங்கள், நாக்குப் பழகிவிடும். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறும் தேத்தண்ணி குடிப்பது தப்பும் வழியல்ல, அதுவும் சீனிதான்.

இருவருக்கும் புரதம் தேவை. இந்த வயதில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1 தொடக்கம் 1.2 கிராம், 60 கிலோ ஆளுக்கு 60–70 கிராம். முட்டை ஒன்றில் 6, மீன் 100 கிராமில் 20, காய்ந்த பயறோ கௌபியோ 50 கிராமில் 12. சூடை, கீரி போன்ற சிறுமீன் விலையும் குறைவு. மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுங்கள். காலையில் பாணும் சம்பலும் மட்டும் என்றால் அந்த வேளை வீண். சிறுநீரகம் பழுதென்று தெரிந்தவர்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது, அவர்கள் டொக்டரைக் கேட்டே கூட்ட வேண்டும்.

உப்புக்கு ஒரு சுலப வழி. 400 கிராம் பைக்கற்றை உடைத்த திகதியைப் பேனையால் அதிலேயே எழுதி வையுங்கள். ஆளுக்கு நாளுக்கு 5 கிராம்தான் எல்லை, அதனால் இருவருக்கு 40 நாளுக்கு முன் முடியவே கூடாது. கருவாடு, பப்படம், ஊறுகாய், பாண் வழியாகப் போகும் உப்பு வேறு இருப்பதால் 60 நாளுக்கு இழுத்தால்தான் சரி. கருவாட்டை இளஞ்சூட்டுத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு இன்னொரு முறை ஊறவிடுங்கள். கடையில் "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்பதில் பொட்டாசியம் உண்டு. அப்பாவின் குளிசை லொசார்ட்டனோ எனலாப்பிரிலோ என்றால் டொக்டரைக் கேட்காமல் அதை வாங்காதீர்கள்.

மாங்குளம் சந்தி:

முந்தின சனம் உதொண்டும் பாக்கேல்லை. வெத்திலை போட்டு, சுருட்டுக் குடிச்சு, 90 வரைக்கும் இருந்ததுகள். மனம் நல்லா இருந்தால் எல்லாம் சரி.

குளக்கட்டு:

சந்தி அண்ணை, 90 வரைக்கும் இருந்த ஆக்கள்தான் கண்ணுக்குத் தெரிவினம். 55 இலை போன ஆக்களை ஒருத்தரும் உதாரணம் காட்டிறேல்லை. 1997 இலை 122 வயசிலை செத்த பிரான்ஸ்காரி ஜீன் கல்மோவும் சிகரெட் குடிச்சவதான், அதுக்காண்டி சிகரெட் ஆயுளைக் கூட்டும் எண்டு ஆகாது. மனத்தைப் பற்றிச் சொன்னது உண்மை. தனிச்சுப்போய் இருக்கிறது உடம்பையும் கெடுக்கும், அப்பாவைச் சந்திக்குப் போக விடுங்கோ. சைக்கிள்லை.

தண்ணிக்கு வருவம். கேத்தலிலை படியிற வெள்ளை சுண்ணாம்புச் சத்து, அதைக் கண்டு பயப்பிட வேண்டாம். கவனிக்க வேண்டியது புளோரைட், கூடினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கிற உப்பு. அது கண்ணுக்கும் தெரியாது, ருசியும் இல்லை. இலங்கைத் தரத்திலை லீற்றருக்கு 1 மில்லிகிராம்தான் எல்லை. வன்னிப் பக்கத்துக் கிணறுகளிலை அதைத் தாண்டிற இடங்கள் இருக்கு. கொதிக்க வைச்சால் கிருமி சாகும், புளோரைட் போகாது. தண்ணி வத்த வத்த செறிவு கூடும். பிஎச்ஐ ஐயாவை (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கேட்டு, இல்லாட்டில் நீர் வழங்கல் சபையிலை, ஒருக்காச் சோதிச்சுப்போட்டு முடிவெடுங்கோ. கூட இருந்தால் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆர்ஓ மிசினிலை வடிகட்டின தண்ணி எடுத்தால் காணும், குளிக்கக் கிணத்துத் தண்ணி போதும். தண்ணி எடுக்கிற கானைக் கிழமைக்கொருக்காக் கழுவாட்டில் நல்ல தண்ணியும் கெட்டுப்போகும்.

1990 களிலை வடமத்திய மாகாணத்திலை கண்டுபிடிச்ச, காரணம் முழுசாத் தெரியாத சிறுநீரக வருத்தம் வவுனியாவிலும் இருக்கு. தொடக்கத்திலை ஒரு குணங்குறியும் காட்டாது. சலத்திலை புரதமும் கனக்கப் போகாது, அதாலை சலத்தை மட்டும் பாத்துவிட்டு "ஒண்டுமில்லை" எண்டு வரக்கூடாது. வருசத்துக்கொருக்கா இரத்தத்திலை கிரியேற்றினினும் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேத்திற கழிவு) பாருங்கோ. வெயிலிலை வேலை செய்யேக்கை 15–20 நிமிசத்துக்கொருக்கா ஒரு கோப்பை தண்ணி. தாகம் வரட்டும் எண்டு பாத்திருந்தால் பிந்திப்போகும்.

பிறஷரை வீட்டிலை பாக்கிறதெண்டால் மேற்கையிலை கட்டிற மிசின் வாங்குங்கோ. அரை மணித்தியாலத்துக்கு முன்னம் தேத்தண்ணி, வெத்திலை, சுருட்டு ஒண்டும் கூடாது. சலம் கழிச்சுப்போட்டு, முதுகு சாய்ச்சு, பாதம் நிலத்திலை பட, 5 நிமிசம் சும்மா இருக்க வேணும். கையை மேசையிலை நெஞ்சு உயரத்துக்கு வைக்க வேணும், தொங்கவிட்டால் கூடக் காட்டும். பட்டி சின்னனெண்டாலும் கூடக் காட்டும், அளக்கேக்கை கதைச்சாலும் அப்பிடித்தான். ஒரு நிமிச இடைவெளியிலை ரெண்டு தரம் அளந்து எழுதுங்கோ. கனநாள் 135/85 இற்கு மேலை நிண்டால் கொப்பியோடை கிளினிக்குக்குப் போங்கோ.

வட்டக்கச்சி வரம்பு:

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு விசயம் சொல்ல விட்டுப்போச்சு. அப்பா முழங்கால் நோவுக்குக் கடையிலை டைக்குளோபெனாக் வாங்கிக் கிழமைக்கு நாலு நாள் போடுறார். வெத்திலையும் போடுவார், புகையிலை வைக்கிறேல்லை. பரவாயில்லையோ?

குளக்கட்டு:

டைக்குளோபெனாக்தான் நீங்கள் முதல் வரியிலை சொல்லியிருக்க வேண்டியது. அது சிறுநீரகத்துக்குப் போற இரத்தத்தைக் குறைக்கும், பிறஷரையும் ஏத்தும். லொசார்ட்டன், எனலாப்பிரில் வகைக் குளிசையோடை சலம் போக வைக்கிற குளிசையும் எடுக்கிற ஆள், தண்ணி வத்தின உடம்போடை இதையும் போட்டால் சில நாளிலையே சிறுநீரகம் செயலிழக்கலாம். பிறஷர்க் குளிசையைத் தானா நிப்பாட்டக் கூடாது, நிப்பாட்ட வேண்டியது நோக்குளிசையை. பரசிற்றமோல் 500 மில்லிகிராம் ஒண்டோ ரெண்டோ, தேவைப்பட்டால் மட்டும், 6 மணித்தியால இடைவெளியிலை, நாளுக்கு ஆறுக்கு மேலை வேண்டாம். ஈரல் வருத்தமோ குடிப்பழக்கமோ இருந்தால் அதையும் கேட்டுத்தான் எடுக்க வேணும். அடுத்த கிளினிக்குக்குக் குளிசைப் பைக்கற்று எல்லாத்தையும் அள்ளிக்கொண்டு போய்க் காட்டுங்கோ. மேலை சொன்ன கதிரைப் பயிற்சி முழங்காலுக்கும் உதவும். தொடைத் தசை இறுக இறுக மூட்டிலை விழுகிற பாரம் குறையும்.

கனகராயன் கரை:

புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இலேயே அதை உறுதி செய்துவிட்டது. இலங்கை ஆண்களில் அதிகம் காணப்படுவது வாய்ப் புற்றுநோய்தான். வெற்றிலை போடுவதை விடச் சொல்லுங்கள், விடும் வரைக்கும் மாதம் ஒரு முறை வெளிச்சத்தில் கன்னத்தின் உட்பக்கத்தையும் நாக்கின் ஓரத்தையும் அடியையும் பாருங்கள். வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு மூன்று கிழமை கடந்தும் ஆறாத புண், கறி உறைப்பைத் தாங்க முடியாத எரிவு, வாயைத் திறந்தால் மூன்று விரல் நெட்டுக்கு நுழையாத இறுக்கம் என்று எது இருந்தாலும் நோ வரும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிப் பல் வைத்தியரிடம் காட்டுங்கள்.