ஏற்காட்டில் சுவர் ஓவியம்: எப்போது தொடங்கலாம்?

கேள்வி: ஊர்ப் பசங்களே வடிவம் போட்டு 20க்கு 8 அடி மதிலில் வரையப் போறாங்க. கனடாவின் வடக்கே வாழும் இனுயிட் பழங்குடி இளைஞர்கள் செய்வதுபோல. சிமெண்ட் பூச்சு புதுசு.

பதில் 1: பூச்சு 28 நாள் ஆகட்டும். பிறகு ஓரடி பாலிதீன் தாளை நாலு ஓரமும் டேப் ஒட்டி ஒருநாள் விடுங்க. உள்ளே நீர் கோத்தால் பொறுங்க. பனிமூட்டத்தில் ப்ரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடிச்சா உரிஞ்சு வரும். பிப்ரவரி, மார்ச்சில் வெயில் ஏறினதும் அடிங்க.

பதில் 2: மதிலுக்குப் பின்னாடி மண் அணைஞ்சிருக்கா? அப்போ எந்த பெயிண்டும் நிக்காது, உப்பு பூக்கும். முதல்ல வடிகால் துளை போடுங்க. ப்ரைமர் 2 லிட்டர் போதும்.

பதில் 3: கனடாவின் நுனாவுட் பகுதியில் கின்கைட்னு ஒரு இனுயிட் ஊர். அங்கே கூட்டுறவுச் சங்கம் ஓவியர்களின் படங்களைக் காசு கொடுத்துதான் வாங்குது, 1959-லிருந்து அச்சுப்படத் தொகுப்பும் வெளியிடுது. பசங்களுக்கும் கூலி ஒதுக்குங்க, டீ-பன்னோட முடிச்சிராதீங்க.