லெட் செப்பலினின் 1979 அல்பம் உண்மையிலேயே பலவீனமானதோ?

மாங்குளம்_சந்தி

எங்கட வாசகர் வட்டம் மாதம் ஒரு அல்பத்தை முழுசாக் கேட்டுக் கதைக்கிறது. அடுத்தது லெட் செப்பலின் எண்ட இங்கிலாந்து றொக் குழுவின்ர "இன் த்ரூ தி அவுட் டோர்". வாறவை முப்பது பேரளவில். அனேகமானவைக்கு நாலாவது அல்பத்துக்கு அங்கால தெரியாது. இடம் பொதுநோக்கு மண்டபம், அஸ்பெஸ்டஸ் கூரை. 12 இஞ்சி ஸ்பீக்கர் பெட்டி ரெண்டு, சப் (அடிச்சத்தத்துக்கான பெட்டி) ஒண்டு. கரண்ட் நிண்டால் ஜெனரேற்றர்.

"கீபோட் அல்பம், கிற்றார் செத்துப்போச்சு" எண்டு இதைத் தள்ளுறது நியாயமோ? எந்த ஒழுங்கில, எப்பிடிப் போட்டால் நல்லது?

இரணைமடு_காத்து

நியாயமில்லை. ஆனா அப்பிடிச் சொல்லுற ஆக்களிட்டக் காரணம் இருக்கு. ஏழு பாட்டில ஆறில, ஆக்கினவையின்ர பட்டியலில பேஸும் கீபோட்டும் வாசிக்கிற ஜோன் போல் ஜோன்ஸின்ர பெயர் இருக்கு. "ஹொட் டோக்" ஒண்டில மட்டும்தான் இல்லை. "சவுத் பவுண்ட் சௌரெஸ்", "ஓல் மை லவ்" ரெண்டையும் ஆக்கினவையில கிற்றார்காரர் ஜிம்மி பேஜ் இல்லை. ட்றம்ஸ் அடிக்கிற பொன்ஹமின்ர பெயர் ஒரு பாட்டிலயும் இல்லை. 1978 நவம்பர், டிசம்பரில ஸ்டொக்ஹோமில அபா குழுவின்ர போலார் ஸ்டூடியோவில பதிவு செய்தவை. ஜோன்ஸும் பாடகர் பிளான்றும் நேரத்துக்கு வந்து வேலையைத் தொடங்கிவிட, மற்ற ரெண்டு பேரும் பிந்தித்தான் வந்து சேருவினம். அல்பத்தின்ர நிறம் அங்கயே முடிவாகிட்டுது.

ஜோன்ஸ் அப்ப யமஹா ஜிஎக்ஸ்-1 எண்ட சிந்தசைசர் கீபோட் வைச்சிருந்தவர். 61 விசையில ரெண்டு வரிசை, மேல சின்னதா 37 விசை, காலுக்கு 25 பெடல். அந்தப் பெரிய யந்திரத்தின்ர சத்தம்தான் "கறூசலாம்ப்றா" பாட்டு முழுக்க ஓடுது. திடீரெண்டு வந்த ஆசையும் இல்லை. 1973இல "நோ குவார்ட்டர்", 1975இல "இன் தி லைட்" எல்லாம் அவர் கீபோட்டில கட்டினதுகள்தான். ஆனபடியா இதைக் கிற்றார் அல்பமா எடைபோட்டால் நட்டம். ஜோன்ஸின்ர அல்பமாக் கேட்டால் வேற கணக்கு.

"கறூசலாம்ப்றா"வை வடிவாக் கேளுங்கோ. பத்தரை நிமிசம், மூண்டு துண்டு. முதல் நாலு நிமிசமும் கீபோட்டும் ட்றம்ஸும் துரத்தி ஓடும். பிறகு ஏழாவது நிமிசம் வரைக்கும் வேகம் இறங்கி, பேஜின்ர கிற்றார் இழுத்து இழுத்து அழும். கிற்றாரில கிஸ்மோட்றோன் எண்ட கருவியைப் பூட்டினவர். சின்னச் சில்லுகள் சுத்திக் கம்பியைத் தேய்க்கிறதால வயலின் மாதிரி நீளும். "இன் தி ஈவ்னிங்" தொடக்கத்தில வாற மூட்டமான சத்தத்திலயும் அது இருக்கு. கிற்றார் சாகேல்லை, உள்ளுக்க போயிட்டுது. இந்த நடுத்துண்டு இல்லாட்டி நான் இந்த அல்பத்துக்காக இவ்வளவு வாதாடமாட்டன்.

பிழையும் சொல்லோணும். "கறூசலாம்ப்றா"வில பிளான்றின்ர குரலை மிக்சிங்கில புதைச்சிட்டினம், வரி விளங்காது. வரியை முன்னமே அச்சடிச்சுக் குடுங்கோ. "ஹொட் டோக்" விளையாட்டுப் பாட்டு. அதுக்கு மேல அதில ஒண்டும் இல்லை.

விற்பனையில இது தோக்கவும் இல்லை, பிரித்தானியாவிலயும் அமெரிக்காவிலயும் முதலாம் இடம். தோத்தது விமர்சகரிட்டத்தான்.

பாலைப்பழம்

ட்றம்ஸ் பக்கம் ஆரும் கதைக்கேல்லை. "ஃபூல் இன் தி ரெயின்" ஒண்டுக்காகவே இந்த அல்பத்தை வைச்சிருக்கலாம்.

மிருதங்கம் படிச்ச ஆக்கள் கூட்டத்தில இருந்தால் திஸ்ர நடையில வைச்சு விளங்கப்படுத்துங்கோ. தகிட தகிட தகிட தகிட, மொத்தம் 12. முதல் "த"வில கிக் (காலால அடிக்கிற பெரிய ட்றம்). மூண்டாவது தகிடவின்ர "த"வில ஸ்னெயர் (முன்னுக்கு இருக்கிற சின்ன ட்றம்) பலமா விழும். ஹைஹற் (காலால திறந்து மூடுற சோடித் தட்டு) எல்லாத் "த"விலயும் "ட"விலயும். நடுவில இருக்கிற "கி"யில ஸ்னெயரை விரல் தொட்ட அளவுக்கு மட்டும் தட்டோணும். அந்தக் "கி"தான் உயிர். முதல் "ட"வில ஹைஹற் திறந்து அடுத்த "த"வில மூடும், "ச்ஸ்ஸ்" எண்டு ஒரு மூச்சு கேக்கும்.

வாசிக்கிற பெடியள் பிழைவிடுறது ரெண்டு இடம். "கி"யைப் பலமா அடிச்சால் நடை குதிரை ஓட்டமாப் போயிடும். ஸ்னெயரை ரெண்டாவது, நாலாவது தகிடவில போட்டால் பாட்டு ரெண்டு மடங்கு அவசரப்படும். முதல் கையால தொடையில போட்டு, நிமிசத்துக்கு 80 தகிடவில தொடங்கி 130 அளவுக்கு ஏத்துங்கோ. நடுவில விசிலோட சம்பா வந்து நடை மாறேக்க அனேகம் பேர் ஓடிவிடுவினம். மெற்றோனோமை (தாளம் தட்டுற கருவி) நிப்பாட்டாமல் அந்த இடத்தை மட்டும் தனியப் பழகோணும்.

ட்றம்ஸ்காரர் ஜெஃப் பொர்காரோ 1982இல டோட்டோ குழுவின்ர "றொசானா"வுக்கு அடிச்ச தாளம், பேர்னாட் பேர்டி எண்ட இன்னொரு ட்றம்ஸ்காரரின்ர ஷஃபிள் நடையையும் இந்தப் பாட்டையும் சேர்த்து உருவாக்கினது. அவரே சொன்னது. இவ்வளவு இருந்தும் செப்பலின் இதை ஒருநாளும் மேடையில வாசிக்கேல்லை.

முறிகண்டிக்_கச்சான்

சவுண்ட் விசயம் நான் சொல்லுறன் தம்பி.

"இன் தி ஈவ்னிங்" தொடக்கம் கிட்டத்தட்ட ஒரு நிமிசம் மெல்லிய இரைச்சல்தான். சத்தம் காணாதெண்டு சவுண்ட்காரர் கூட்டிவிடுவார். பிறகு ட்றம்ஸ் விழேக்க முன்வரிசை காதைப் பொத்தும். முதலே நடுப்பகுதியைப் போட்டு அளவு பிடிச்சு, ஃபேடரில (மிக்சரில சத்தம் கூட்டிக் குறைக்கிற தள்ளுவிசை) ரேப் ஒட்டி அடையாளம் வையுங்கோ. அதுக்குப் பிறகு ஒருத்தரும் தொடக்கூடாது.

அந்த இரைச்சலோட ஜெனரேற்றர் ஹம் கலந்தால் எது பாட்டு, எது பழுதெண்டு தெரியாது. லப்டொப் சார்ஜரைக் கழட்டிப்போட்டு பற்றரியில ஓட்டுங்கோ. அப்பவும் ஹம் வந்தால் லப்டொப்புக்கும் மிக்சருக்கும் நடுவில டிஐ பெட்டி (சிக்னலைப் பிரிச்சு அனுப்புற சின்னப் பெட்டி) போட்டு, அதில இருக்கிற எர்த் லிஃப்ற் விசையை அமத்துங்கோ. பிளக்கில எர்த் கம்பியை வெட்டுற வேலை வேண்டாம், ஷொக் அடிக்கும்.

கலியாண வீட்டு அளவில சப்பை விட்டால் ஜோன்ஸின்ர பேஸ் ஒரே உறுமலாப் போயிடும். சப்பைக் குறைச்சு, 200 முதல் 300 ஹேர்ட்ஸில 3 டெசிபெல் வெட்டுங்கோ. புதைஞ்ச குரல் கொஞ்சம் வெளியில வரும். ரெண்டு பெட்டியும் மோனோவில இருந்தால் ஸ்ரீரியோவுக்கு மாத்தச் சொல்லுங்கோ. போனில ஸ்ட்ரீமிங் வேண்டாம், இறக்கி வைச்சுக்கொள்ளுங்கோ. 320 கிலோபிற்றில முழு அல்பமும் 100 மெகாபைற் அளவுதான். குறொஸ்ஃபேட் (ஒரு பாட்டை மற்றதோட கலக்கிறது), வொலியூம் நோர்மலைஸ் (சத்தத்தைத் தானாச் சமப்படுத்திறது) ரெண்டையும் நிப்பாட்டுங்கோ.

மாங்குளம்_சந்தி

நன்றி அண்ணை. ஒழுங்கு? "ஓல் மை லவ்" முதல் போட்டால் புது ஆக்களுக்கு லேசா இருக்குமோ?

இரணைமடு_காத்து

வேண்டாம். இசைத்தட்டு ஒழுங்கிலயே விடுங்கோ. முதல் பக்கம் நாலு பாட்டு, இருபது நிமிசம். தேத்தண்ணி குடுத்து, தாளத்தைப் பற்றிக் கதைச்சு, பிறகு மற்றப் பக்கம். "கறூசலாம்ப்றா"வின்ர அலைச்சலுக்குப் பிறகு வரேக்கதான் "ஓல் மை லவ்" நெஞ்சில இறங்கும். 1977 ஜூலையில ஐஞ்சு வயசில செத்துப்போன மகன் கறாக்கை நினைச்சுப் பிளான்ற் பாடினது. ஒப்பாரி வைக்கவேண்டிய விசயத்தைத் தாலாட்டு மாதிரிப் பாடியிருக்கிறார். இதைப் பாட்டுக்கு முதல் சொல்லாதேங்கோ, கேட்டு முடியச் சொல்லுங்கோ.

முறிகண்டிக்_கச்சான்

ஒண்டு விட்டுட்டன். அஸ்பெஸ்டஸில மழை விழுந்தால் "ஐம் கோனா க்றோல்" தொடக்கத்தில வாற மெல்லிய ஸ்றிங்ஸ் ஒண்டும் கேக்காது. சத்தத்தைக் கூட்டி மழையை வெல்ல ஏலாது. நிப்பாட்டிப்போட்டு, மழை விட்டாப்போல அந்தப் பாட்டை முதலில இருந்து போடுங்கோ.